வேல்சில் முதல் ஆண்டு: விழா நாளுக்கு முன்பே குறித்து வைக்க வேண்டிய நாள்கள்

வேலைக்கோ படிப்புக்கோ வேல்சுக்கு வந்து சேரும் நம்மவர்கள் பலருக்கு, இங்குள்ள பொது வாழ்வில் எது எப்போது நடக்கிறது என்பது அது நடந்து முடிந்த பிறகுதான் தெரியவருகிறது. எனக்கும் அப்படித்தான் ஆயிற்று. 2021 செப்டம்பரில் ஸ்வான்சியில் குடியேறினேன். அடுத்த பன்னிரண்டு மாதங்களுக்குள், எனக்கு உரிமை இருந்தும் ஒரு தேர்தலில் வாக்களிக்காமல் விட்டேன். வெல்ஷ் மொழி வகுப்பில் சேரும் நாளைத் தவறவிட்டேன். மார்ச் 1 அன்று மகள் பள்ளிக்கு அணிந்து செல்ல வேண்டிய உடையைத் தேடி மூன்று கடைகள் ஏறி இறங்கினேன். ஆகஸ்டில் இரண்டு மணி நேரம் கார் ஓட்டிப் போய், பாட்டுக்கும் கவிதைக்கும் போட்டி நடக்கும் வெல்ஷ் கலை விழாவான தேசிய ஐஸ்டெத்வொட் அரங்கின் மூடிய கதவுக்கு வெளியே நின்றேன்.

நான்குக்கும் காரணம் ஒன்றுதான். விழா நாளை நாள்காட்டியில் குறித்தேனே தவிர, அந்த விழாவுக்கான பதிவு முடியும் நாளைக் குறிக்கவில்லை. இங்கே பெரும்பாலானவற்றுக்கு அந்த நாள் விழாவுக்குப் பல வாரங்கள், சில வேளை பல மாதங்கள் முன்பே வந்து போய்விடும். மேலும், சுவரில் தொங்கும் நாள்காட்டி ஜனவரியில் தொடங்கினாலும் வெல்ஷ் மக்களின் கூட்டு வாழ்க்கை செப்டம்பரில்தான் தொடங்குகிறது. பள்ளி, மொழி வகுப்பு, பாடகர் குழு, பெண்கள் சங்கம் எல்லாம் கோடை விடுமுறை முடிந்து அப்போதுதான் கதவு திறக்கின்றன. ஆகையால் இந்த வழிகாட்டியையும் அந்த ஒழுங்கிலேயே அமைத்திருக்கிறேன். விலைகளும் தேதிகளும் ஆண்டுதோறும் சற்று மாறும் என்பதால், பணம் கட்டும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. வந்த வாரத்திலேயே வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேருங்கள்

நம்மவர்களிடையே மிகப் பரவலாக உள்ள தவறான எண்ணம், பிரிட்டிஷ் குடியுரிமை பெற்ற பிறகுதான் வாக்களிக்க முடியும் என்பது. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகியவை காமன்வெல்த் நாடுகள். இந்நாடுகளின் குடிமக்கள், செல்லுபடியாகும் விசாவோடு இங்கு வசித்தால், மாணவர் விசாவாக இருந்தாலும் வேலை விசாவாக இருந்தாலும், வாக்காளராகப் பதிவு செய்யலாம். உள்ளாட்சித் தேர்தல், வேல்சின் நாடாளுமன்றமான செனெத் தேர்தல், லண்டன் நாடாளுமன்றத் தேர்தல் ஆகிய மூன்றிலும் வாக்களிக்கலாம். செனெத்துக்கும் உள்ளாட்சிக்கும் பதினாறு வயதிலேயே வாக்குரிமை உண்டு. பதினான்கு வயதிலேயே பெயரைப் பதிந்து வைக்கலாம். லண்டன் நாடாளுமன்றத்துக்கு மட்டும் பதினெட்டு வயது நிரம்ப வேண்டும்.

இணையத்தில் பதிவு செய்ய ஐந்து நிமிடம் போதும். பெயர், முகவரி, பிறந்த நாள், குடியுரிமை, நேஷனல் இன்சூரன்ஸ் எண் ஆகியவற்றைக் கேட்பார்கள். செலவு எதுவும் இல்லை. அந்த எண் இன்னும் கைக்கு வரவில்லை என்றால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். எண் இல்லை என்று குறிப்பிட்டு விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள். கவுன்சில் அலுவலகம் அடையாளத்துக்குப் பாஸ்போர்ட் நகல் போன்ற ஆவணத்தைக் கேட்டுக் கடிதம் எழுதும். அந்தக் கடிதத்துக்குப் பதில் போடாமல் விட்டால் விண்ணப்பம் அப்படியே நின்றுவிடும்.

நான் விழுந்த குழி வேறு. மாதந்தோறும் கவுன்சில் வரி கட்டுகிறேன், ஆகவே என் பெயர் அவர்களிடம் இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். வரிப் பதிவேடு வேறு, வாக்காளர் பட்டியல் வேறு. இலையுதிர் காலத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் கவுன்சில் அனுப்பும் சரிபார்ப்புக் கடிதம், பழைய குடித்தனக்காரரின் பெயரில் வந்ததால் அதைப் பிரிக்காமலே குப்பையில் போட்டேன். திருத்திய பட்டியல் பெரும்பாலும் டிசம்பர் 1 அன்று வெளியாகும். அதில் என் பெயர் இல்லை என்பதை 2022 மே மாத உள்ளாட்சித் தேர்தலன்று, பக்கத்து வீட்டுக்காரர் வாக்களித்துவிட்டுத் திரும்பியபோதுதான் அறிந்தேன். தேர்தல் நாளுக்கு 12 வேலை நாள்களுக்கு முன் பதிவு முடிந்துவிடும். அஞ்சல் வாக்குக்கு விண்ணப்பிக்க 11 வேலை நாள்களுக்கு முன் கடைசி. ஊருக்குப் போகும் திட்டம் இருந்தால், அஞ்சல் வாக்குச் சீட்டு வெளிநாட்டுக்குப் போய்த் திரும்பி வருவதை நம்பாமல், உங்கள் சார்பில் இன்னொருவர் வாக்களிக்கும் பதிலாள் முறையைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு 6 வேலை நாள்கள் வரை அவகாசம் உண்டு.

இன்னும் இரண்டு செய்திகள். செனெத், உள்ளாட்சித் தேர்தல்களுக்குப் புகைப்பட அடையாள அட்டை தேவையில்லை. லண்டன் நாடாளுமன்றத் தேர்தலுக்குத் தேவை, அதற்கு இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுகளே போதும். 2026 தேர்தலிலிருந்து செனெத் உறுப்பினர்களின் எண்ணிக்கை 60-லிருந்து 96 ஆகிறது. பதினாறு தொகுதிகள், தொகுதிக்கு ஆறு பேர், வாக்கு ஆளுக்கு அல்ல, கட்சிப் பட்டியலுக்கு. நம் ஊரில் வேட்பாளர் முகத்தைப் பார்த்து வாக்களித்துப் பழகியவர்களுக்கு இது சற்று வியப்பாக இருக்கும். அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 2027 மே மாதம்.

கார்டிஃப் விரிகுடாவில் உள்ள செனெத் கட்டடத்தையும் ஒருமுறை பாருங்கள். செவ்வாய், புதன் பிற்பகல்களில் முழு அவை கூடும். பார்வையாளர் மாடத்துக்குக் கட்டணம் இல்லை. முதலமைச்சரிடம் கேள்வி கேட்கும் நேரம் செவ்வாய் பிற்பகல். வாசலில் விமான நிலையத்தைப் போலச் சோதனை உண்டு என்பதால் அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள். உறுப்பினர் வெல்ஷில் பேசினால் காதில் மாட்டிய கருவியில் ஆங்கிலம் வந்துகொண்டே இருக்கும். ஆகஸ்ட் மாதத்தில் போகாதீர்கள். கட்டடம் இருக்கும், அவை இருக்காது.

2. மொழி வகுப்பு: ஆகஸ்டிலேயே பதிவு செய்யுங்கள்

2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வேல்சில் வெல்ஷ் பேசுவோர் சுமார் 5,38,000 பேர். நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்குச் சற்றுக் குறைவு. ஆங்கிலம் மட்டுமே தெரிந்தாலும் இங்கு வாழலாம். ஆனால் கீழே சொல்லப்போகும் விழாக்களில் பாதி அந்தப் பதினெட்டுப் பேரின் மொழியில் நடப்பவை. பத்து வாக்கியங்கள் தெரிந்தவருக்கும் ஒன்றும் தெரியாதவருக்கும் அங்கே கிடைக்கும் வரவேற்பில் வேறுபாடு உண்டு.

வெல்ஷ் கற்பித்தலுக்கான தேசிய மையம் நாடு முழுவதும் நேரடியாகவும் இணையவழியிலும் வகுப்புகளை ஒருங்கிணைக்கிறது. முதல் நிலைக்குப் பெயர் மனெடியாட், அதாவது நுழைவு. வாரத்துக்கு ஒரு மாலை வரும் வகுப்பானால் இந்த நிலையை முடிக்கவே ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆகும். வாரம் இருமுறை வந்தால் ஓராண்டு. முதன்மையான சேர்க்கை செப்டம்பரில். ஜனவரியிலும் சில இடங்களில் புதிய வகுப்புகள் தொடங்கும். முன்கூட்டியே பதிவு செய்வோருக்குத் தள்ளுபடிக் குறியீடு தருகிறார்கள். அந்தத் தள்ளுபடி கோடையிலேயே முடிந்துவிடும் என்பதால்தான் ஆகஸ்ட் என்று தலைப்பிலேயே எழுதினேன். பதினாறிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் இருப்பவர்களுக்கும், பள்ளிகளில் வேலை செய்பவர்களுக்கும் கட்டணமே இல்லை. இது தெரியாமல் பணம் கட்டிய மாணவர்களை எனக்குத் தெரியும்.

பதிவு செய்யும்போது ஒரு கேள்வி வரும்: வடக்கா, தெற்கா? விளையாட்டாக எதையும் அழுத்திவிடாதீர்கள். பாடநூலே இரண்டு வடிவங்களில் இருக்கிறது. 'இப்போது' என்பதற்குத் தெற்கில் 'நவுர்', வடக்கில் 'ருவான்'. அவர்கள் எழுத்தில் ஒன்றைப் பின்னிருந்து படித்தால் மற்றது வரும். யாழ்ப்பாணத் தமிழும் கொங்குத் தமிழும் ஒன்றையொன்று புரிந்துகொள்வதைப் போல இவையும் புரிந்துகொள்ளும். ஆனால் தொடக்கத்தில் உங்கள் அண்டை வீட்டார் பேசுவதைக் கற்பதுதான் பயன்.

தமிழ் பேசுபவர்களுக்கு இம்மொழியில் சில கதவுகள் எளிதாகத் திறக்கின்றன. நீ, நீங்கள் என்ற வேறுபாடு 'டி', 'ஹி' என்று அங்கும் உண்டு. ஆங்கிலேய நண்பர் ஆறு மாதம் தடுமாறிய இடத்தில் நமக்கு ஒரு நொடிகூட ஆகாது. எழுத்து நடைக்கும் பேச்சு நடைக்கும் இடையிலான தூரமும் நமக்குப் புதியதன்று. கடினமானது ஒன்றே: ஊர்ப் பெயர்களின் முன்னால் வரும் இரட்டை 'ல்'. நாக்கை 'ல' சொல்லும் இடத்தில் வைத்துக்கொண்டு, குரல் எழுப்பாமல், நாக்கின் ஓரங்கள் வழியே மூச்சை மட்டும் விட வேண்டும். என் ஆசிரியை 'ழ' சொல்லக் கற்றுத் தருமாறு கேட்டுக்கொண்டு எனக்கு இதைக் கற்றுத் தந்தார். இருவரும் இன்னும் தேர்ச்சி பெறவில்லை.

ஆரஞ்சு நிறப் பேச்சுக் குமிழிச் சின்னத்தைச் சட்டையில் குத்தியிருக்கும் கடைக்காரர், செவிலியர், நூலகர் எவரோடும் வெல்ஷில் பேசலாம் என்று பொருள். 'டூ இன் டஸ்கி', கற்றுக்கொண்டிருக்கிறேன், என்று முதலில் சொல்லிவிடுங்கள். அவர்கள் வேகத்தைக் குறைப்பார்கள்.

3. ஊர்ப் பெயர்களுக்கு ஒரு சிறு பட்டியல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

அழைப்பிதழில் அபெர்டாவே என்று இருக்கும், அது ஸ்வான்சி. கைர்டீத் என்பது கார்டிஃப். காஸ்னெவித் நியூபோர்ட், கைர்கபி ஹோலிஹெட். இவற்றையாவது மனப்பாடம் செய்துவிடலாம். சிக்கல் என்னவென்றால், சொல்லின் முதலெழுத்தே இடத்துக்கேற்பத் திரியும். 'கைர்டீத்தில்' என்று சொல்ல வேண்டுமானால் 'அங் ஙைர்டீத்' என்றாகும். 'பாங்கோரில்' என்பது 'அம் மாங்கோர்'. மரம் என்பதோடு கள் சேர்ந்து மரங்கள் ஆவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது அதிர்ச்சி தராது. ஆனால் சுவரொட்டியில் கண்ட சொல்லை அப்படியே வரைபடத்தில் தட்டினால் ஊர் கிடைக்காது. முதலெழுத்தில் மெல்லின ஒலி கண்டால், அதற்கு இனமான வல்லினத்தைப் போட்டுத் தேடிப் பாருங்கள்.

4. குழந்தைகள் இருந்தால்: பள்ளி விண்ணப்பமும் உர்த் உறுப்பினர் கட்டணமும்

வேல்சில் எந்தப் பள்ளியில் படித்தாலும் பதினாறு வயது வரை வெல்ஷ் கட்டாயப் பாடம். எல்லாப் பாடங்களையும் வெல்ஷில் கற்பிக்கும் பள்ளிகளும் உண்டு. பெற்றோருக்கு அம்மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. கடிதங்கள் இரு மொழியிலும் வரும். பள்ளிக்கு முந்தைய வயதினருக்குக் கில்ஹ் மைத்ரின் எனப்படும் விளையாட்டுக் குழுக்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. தொடக்கப் பள்ளிச் சேர்க்கைக்குக் கவுன்சிலிடம் விண்ணப்பிக்க வேண்டும். கடைசி நாள் கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறினாலும், செப்டம்பரில் சேர வேண்டிய குழந்தைக்கு அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே முடிந்துவிடும். பிறப்புச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம் அல்லது கவுன்சில் வரி ரசீது, குழந்தையின் பாஸ்போர்ட் ஆகியவற்றை வருடுபிரதி எடுத்து ஒரே கோப்பில் வையுங்கள். நம் பிறப்புச் சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் சான்று பெற்ற மொழிபெயர்ப்பு தேவைப்படலாம். அதற்கு இரண்டு வாரமாவது ஒதுக்குங்கள்.

உர்த் என்பது 1922-இல் தொடங்கிய இளைஞர் அமைப்பு. ஆங்கிலவழிப் பள்ளிக் குழந்தைகளும் சேரலாம். உறுப்பினர் கட்டணம் ஆண்டுக்குப் பத்துப் பவுண்டு அளவில் இருக்கும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குச் சலுகை உண்டு. மே மாத இறுதிப் பள்ளி விடுமுறையில் நடக்கும் உர்த் ஐஸ்டெத்வொட், பாட்டு, ஒப்பித்தல், நடனம், ஓவியம் என்று குழந்தைகளுக்கான பெரும் போட்டி. மொழி கற்பவர்களுக்குத் தனிப் பிரிவுகளும் உண்டு. மே மாதத்தில் போட்டி என்று எண்ணி ஏப்ரலில் விசாரித்தால் காலம் கடந்துவிட்டிருக்கும். வட்டார, மாவட்டச் சுற்றுகள் பிப்ரவரி, மார்ச்சிலேயே முடிந்துவிடும். ஆகவே கிறிஸ்துமசுக்கு முன்பே வகுப்பாசிரியரிடம் ஒரு சொல் சொல்லி வையுங்கள்.

5. குளிர்காலத்துச் சிறு விழாக்கள்

இவற்றுக்கு ஆவணமும் வேண்டாம், செலவும் பெரிதில்லை, தகவல்தான் வேண்டும். அந்தத் தகவல் இணையத்தைவிடப் பாப்பிர் ப்ரோ எனப்படும் வட்டார வெல்ஷ் மாத இதழ்களில் நன்றாகக் கிடைக்கும். நூலகத்தில் பார்க்கலாம், வாங்கினாலும் சில்லறைக் காசுதான்.

கிறிஸ்துமசை ஒட்டி, குறிப்பாக மத்திய வேல்சின் மோண்ட்கோமரி பகுதியில், பிளகைன் என்ற வழிபாடு நடக்கும். யாரும் பெயர் அழைக்க மாட்டார்கள். பக்க இசை இல்லை. ஒரு குடும்பமோ மூன்று நண்பர்களோ எழுந்து முன்னே போய்ப் பாடிவிட்டு அமர்வார்கள், பிறகு அடுத்தவர்கள். ஒரு குழு பாடியதை அன்றிரவு வேறு யாரும் பாடக்கூடாது. கைதட்டல் கிடையாது, நான் முதல் பாட்டுக்கே தட்டிவிட்டு நாணினேன். கனத்த மேலங்கி அணிந்து போங்கள், தேவாலயத்துக் கல்தரை சில்லென்றிருக்கும். முடிந்ததும் எல்லோருக்கும் இரவுச் சாப்பாடு உண்டு. புதியவர் என்று ஒதுங்கி நிற்க வேண்டாம்.

புத்தாண்டை ஒட்டி, குதிரை மண்டையோட்டுக்கு வெள்ளைத் துணியும் நாடாக்களும் கட்டிக்கொண்டு மாரி லுயிட் என்ற குதிரை வேடம் வீட்டு வாசலுக்கு வரும். வெளியே இருப்பவர்களும் உள்ளே இருப்பவர்களும் பாட்டாலேயே எதிர்த்து வாதிடுவார்கள்; உள்ளே இருப்பவர்கள் தோற்றால் கதவைத் திறக்க வேண்டும். சிறு குழந்தைகளிடம் முன்பே சொல்லி வையுங்கள், இல்லையேல் அன்றிரவு உறக்கம் இராது. பெம்ப்ரோக்‌ஷைரின் குவைன் பள்ளத்தாக்கில் பழைய நாள்காட்டிப்படி ஜனவரி 13 அன்றுதான் புத்தாண்டு. ஜனவரி 25 காதலர்களின் புனிதை டுயின்வென் நாள்.

தொலைக்காட்சி பற்றி ஓர் எச்சரிக்கை. எஸ்4சி என்ற வெல்ஷ் தொலைக்காட்சி 1982 முதல் இயங்குகிறது. ஆங்கில வரிகளோடு பார்ப்பது மொழி கற்க நல்ல வழி. ஆனால் எந்த அலைவரிசையானாலும் நேரலையாகப் பார்த்தால், கைப்பேசியில் பார்த்தாலும், தொலைக்காட்சி உரிமம் வேண்டும். 2025 ஏப்ரல் நிலவரப்படி ஆண்டுக்கு 174.50 பவுண்டு, ஏப்ரல்தோறும் மாறக்கூடும். விடுதி அறையில் இருக்கும் மாணவர்கள் இதைக் கவனிக்காமல் எச்சரிக்கைக் கடிதம் பெறுவது வழக்கமாகிவிட்டது.

6. மார்ச் 1: விடுமுறை இல்லாத தேசிய நாள்

புனித டேவிட் நாள் அரசு விடுமுறை அன்று. அலுவலகமும் பள்ளியும் நடக்கும். ஆனால் பள்ளிக் குழந்தைகள் உடையணிந்து போக வேண்டும்: பெண் குழந்தைக்குக் கறுத்த உயரத் தொப்பி, சால்வை, கட்டம்போட்ட பாவாடை, ஆண் குழந்தைக்குத் தட்டைத் தொப்பியும் வெயிஸ்ட்கோட்டும், அல்லது சிவப்பு ரக்பிச் சட்டை. பல்பொருள் அங்காடிகளில் பதினைந்து பவுண்டுக்குள் கிடைக்கும். பிப்ரவரி கடைசி வாரத்தில் போனால் அளவு கிடைக்காது; முதல் வாரத்திலேயே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம், மஞ்சள் டாஃபடில் மலரோ லீக் தண்டோ சட்டையில் குத்தினாலே போதும். லீக் என்பது வெங்காயத்தின் பெரிய உறவினர். முழுத் தண்டைக் குத்தி அனுப்பினால் மாலையில் குழந்தையின் கோட்டை இருமுறை துவைக்க வேண்டியிருக்கும். நுனியில் விரல் நீளம் போதும்.

அன்று ஊர்வலங்கள் உண்டு, கவுல் என்ற ஆட்டிறைச்சிக் குழம்பு உண்டு. சைவர்களுக்கு லீக், உருளைக்கிழங்கு மட்டும் சேர்த்துச் செய்து தருவார்கள், முன்பே சொன்னால். வேல்சின் பழங்கோட்டைகளைப் பராமரிக்கும் அரசு அமைப்பின் பெயர் தமிழில் எழுதினால் 'காடூ' என்று வரும், ஆனால் அதன் பொருள் காத்தல். அவர்களுடைய கோட்டைகள் பலவற்றில் மார்ச் 1 அன்று இலவச அனுமதி தருவது வழக்கம். முன்பதிவு தேவையா என்பதை ஒரு வாரம் முன்பே பாருங்கள். செப்டம்பரில் 'திறந்த கதவுகள்' என்ற பெயரில் வழக்கமாகப் பூட்டியிருக்கும் கட்டடங்களும் இலவசமாகத் திறக்கப்படும். தேசிய அருங்காட்சியகங்களுக்கு ஆண்டு முழுவதும் கட்டணம் இல்லை. கார்டிஃப் அருகே செயின்ட் ஃபேகன்சில் வண்டி நிறுத்தத்துக்கு மட்டும் பணம்.

இதே பருவத்தில்தான், பிப்ரவரி, மார்ச்சில், ஆறு நாடுகள் ரக்பிப் போட்டி. கார்டிஃப் மைதானச் சீட்டுகளில் பெரும்பகுதி உள்ளூர் ரக்பி மன்றங்கள் வழியாகவே போவதால், புதியவருக்கு நேரடியாகக் கிடைப்பது அரிது. மறுவிற்பனைத் தளங்களில் ஏமாறாதீர்கள். உங்கள் ஊர் மன்றத்தில் போய் எல்லோரோடும் சேர்ந்து திரையில் பாருங்கள், தேசிய கீதத்தின் பல்லவியை மட்டும் முன்பே கற்றுக்கொண்டு. ஆட்டம் நடக்கும் நாளில் கார்டிஃப் வழியாக ரயிலில் போக வேண்டிய அலுவல் எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம். நிலையத்துக்கு வெளியே வரிசை வளைந்து வளைந்து நிற்கும்.

7. ஜூலை: லாங்கோலெனும் வேளாண் கண்காட்சியும்

லாங்கோலெனில் 1947 முதல் பன்னாட்டு இசை ஐஸ்டெத்வொட் நடக்கிறது. பல நாட்டுப் பாடகர், நடனக் குழுக்கள் வருவதால் இங்கே மொழி ஒரு தடை அன்று. அருகிலுள்ள ரயில் நிலையம் ருவாபன், அங்கிருந்து பேருந்து.

ராயல் வெல்ஷ் வேளாண் கண்காட்சி ஜூலைக் கடைசியில், பில்த் வெல்ஸ் ஊரையொட்டிய லானெல்வெத்தில் திங்கள் முதல் வியாழன் வரை. செம்மறி ஆடு, மாடு, குதிரை, கம்பளி கத்தரிக்கும் போட்டி என்று நம் ஊர் மாட்டுச் சந்தையைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு மனம் நிறையும். சீட்டு முப்பது பவுண்டைத் தாண்டும், வாசலில் வாங்குவதைவிட முன்பே வாங்கினால் குறைவு. ஒற்றைச் சாலை ஊர் என்பதால் காலை எட்டு மணிக்கு மேல் வண்டிகள் ஊரும். வெளி நிறுத்துமிடங்களில் காரை விட்டு அவர்கள் விடும் பேருந்தில் போய்விடுங்கள்.

8. ஆகஸ்ட்: தேசிய ஐஸ்டெத்வொட்

மற்ற எல்லாவற்றையும் தவறவிட்டாலும் இதைத் தவறவிடாதீர்கள். ஆகஸ்ட் முதல் வாரம், எட்டு நாள். ஓராண்டு வடக்கே, ஓராண்டு தெற்கே என்று இடம் மாறும்: 2022 ட்ரெகாரோன், 2023 லீன் தீபகற்பம், 2024 பொன்டப்ரீத், 2025 ரெக்ஸம், 2026 பெம்ப்ரோக்‌ஷைர் பகுதி. வயலில் ஓர் ஊரே முளைக்கும். அந்தத் திடலுக்கு 'மைஸ்' என்று பெயர்.

தங்குமிடம். இதுதான் முதல் வேலை, சீட்டு அல்ல. சிற்றூரில் நடக்கும் ஆண்டுகளில் இருபது மைல் சுற்றளவில் உள்ள அறைகள் முந்தைய கோடையிலேயே நிரம்பிவிடும். நான் ஜூனில் தேடி, ஓர் இணையத் தங்குமிடத் தரகரிடம் முன்பணம் கட்டி, வாரத்துக்கு முன் 'அறை இல்லை' என்ற பதிலைப் பெற்றேன். பணம் திரும்ப வர நாற்பது நாளாயிற்று. கூடாரம் போடும் இடத்தை விழாக்குழுவிடமே நேரடியாகப் பதிவு செய்வது பாதுகாப்பானது. இளைஞர் இசைக்கான தனி முகாமில் குடும்பத்தோடு இடம் கேட்காதீர்கள். விடியும்வரை இசை முழங்கும்.

சீட்டு. பெரியவருக்கு ஒரு நாளைக்கு இருபது பவுண்டுக்குச் சற்று மேல். வசந்த காலத்தில் முன்பதிவுத் தள்ளுபடி உண்டு. நடத்தும் மாவட்டத்தில் வசிப்பவர்களுக்குச் சில ஆண்டுகளில் சலுகைச் சீட்டும் தருகிறார்கள். ஒரே ஒரு நாள்தான் முடியும் என்றால் வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள்.

எந்த நாளில் என்ன. திங்கள் பிற்பகல் கவிஞருக்கு மகுடம் சூட்டும் சடங்கு, புதன் உரைநடைப் பதக்கம், வெள்ளி நாற்காலி. நாற்காலி என்பது மரபுக் கவிதைக்கான பரிசு. உண்மையாகவே தச்சர் செய்த ஒரு நாற்காலியைக் கவிஞர் வீட்டுக்கு எடுத்துச் செல்வார். அந்தக் கவிதை கங்ஹனெத் என்ற யாப்பில் அமைய வேண்டும். அடியின் முற்பாதியில் வந்த மெய்யெழுத்துகள் பிற்பாதியிலும் அதே வரிசையில் வருவது அதன் வகைகளுள் ஒன்று. எதுகையும் மோனையும் படித்தவர்களுக்கு இதை விளக்க இரண்டு நிமிடம் போதும்; என் அலுவலக ஆங்கிலேயர்களுக்கு விளக்க ஒரு மதிய உணவு இடைவேளை போதவில்லை.

கதவு. சடங்கு தொடங்கியதும் அரங்கின் கதவுகளை மூடிவிடுவார்கள். முடியும்வரை திறக்க மாட்டார்கள். ட்ரெகாரோனில் நான் நின்றது அந்தக் கதவுக்கு வெளியேதான். தவறு என்னுடையது. திடலுக்குள் வந்துவிட்டோமே என்று தேநீர் வரிசையில் நின்றிருந்தேன். குறித்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாவது அரங்க வரிசையில் நில்லுங்கள். தண்ணீரும் தின்பண்டமும் அதற்கு முன்பே.

மொழிபெயர்ப்புக் கருவி. மேடையில் வெல்ஷ் மட்டும்தான். 1950 முதல் இதில் விலக்கு இல்லை. ஆங்கில மொழிபெயர்ப்பைக் காதில் கேட்கும் கருவியை இலவசமாகத் தருகிறார்கள். முதலில் அதை வாங்கிக்கொண்டு பிறகு வரிசைக்குப் போங்கள். சடங்கு நாள்களில் கருவி தீர்ந்துபோவதும் உண்டு.

2024-இல் பொன்டப்ரீத் நகரப் பூங்காவில், இம்முறை உரிய நேரத்தில், உள்ளே அமர்ந்தேன். வெள்ளை, நீலம், பச்சை அங்கிகளில் கோர்செத் என்ற கவிஞர் அவையினர் மேடையை நிறைத்தார்கள். நடுவர் தீர்ப்பைப் படித்தார். படைப்புகள் புனைபெயரில் வருவதால் வென்றவர் யாரென்று அரங்கில் எவருக்கும் தெரியாது. விளக்குகள் அணைந்தன. எக்காளம் ஒலித்தது. புனைபெயரை அழைத்து, அப்பெயருக்கு உரியவர் மட்டும் எழுந்து நிற்குமாறு கேட்டார்கள். ஒளிவட்டம் இருக்கைகள் மேல் தேடிக்கொண்டு நகர்ந்தபோது என் பக்கத்தில் இருந்த பாட்டி என் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அவர் எனக்கு முன்பின் தெரியாதவர். பிறகு மேடையில் ஒரு பெரிய வாளை உறையிலிருந்து பாதி உருவி, 'அமைதி உண்டா?' என்று தலைமைக் கவிஞர் மூன்று முறை கேட்பார். ஒவ்வொரு முறையும் அரங்கு முழுவதும் 'ஹெதூஹ்', அமைதி, என்று முழங்க வேண்டும். இந்த ஒரு சொல்லையாவது கற்றுக்கொண்டு போங்கள். தகுதியான படைப்பு இல்லையென்று நடுவர்கள் கருதினால் நாற்காலியை யாருக்கும் தரமாட்டார்கள். 2013-இல் டென்பியில் அப்படித்தான் நடந்தது. வெறும் நாற்காலியைப் பார்த்துத் திரும்பவும் மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

வென்ற படைப்புகளும் நடுவர் தீர்ப்புகளும் அடங்கிய தொகுப்பு நாற்காலிச் சடங்கு முடிந்த உடனே திடலில் விற்பனைக்கு வரும். கூட்டம் அப்படியே புத்தகக் கடைக்கு ஓடுவதைப் பார்த்தால் ஏதோ விபத்து என்று நினைப்பீர்கள்.

போட்டியிட விரும்பினால். வேல்சில் பிறந்தவர், பெற்றோரில் ஒருவர் வேல்சில் பிறந்தவர், மூன்று ஆண்டு இங்கு வசித்தவர் அல்லது வேலை செய்தவர், இவற்றில் எதுவும் இல்லாவிட்டாலும் வெல்ஷ் பேசவோ எழுதவோ தெரிந்தவர் என எவரும் போட்டியிடலாம். தலைப்புகளின் பட்டியல் முந்தைய ஆண்டே புத்தகமாக வெளிவரும். எழுத்துப் போட்டிகளுக்கு வசந்த காலத் தொடக்கத்திலேயே படைப்பு போய்ச் சேர வேண்டும். மேடைப் போட்டிகளுக்குச் சில வாரம் கூடுதல் அவகாசம். மொழி கற்பவர்களுக்கான போட்டிகளும், அவர்களுக்கென்றே திடலில் ஒரு கூடாரமும் உண்டு. காலையில் முதலில் அங்கே போய் ஒரு 'பானெட்', அதாவது ஒரு கோப்பைத் தேநீர், குடியுங்கள். அன்றைய நாளில் எதைப் பார்ப்பது என்பதை அங்கிருப்பவர்களே சொல்லிவிடுவார்கள்.

காலணி. முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ், ஆகஸ்ட் என்றாலும். ட்ரெகாரோனில் வெயிலில் வெந்தேன். அடுத்த ஆண்டு திடல் சேறாகக் கிடந்ததை நண்பர்கள் படம் அனுப்பினார்கள். இரண்டுக்கும் ஆயத்தமாகப் போங்கள்.

திடலை விட்டுப் புறப்படும் முன் அடுத்த ஆண்டு நடத்தும் மாவட்டத்தின் கடையைத் தேடிப் போய், எந்த ஊர், எந்த வாரம் என்று கேட்டுக்கொண்டு, கார் நிறுத்துமிடத்தில் இருக்கும்போதே கைப்பேசியில் அறை பதிவு செய்துவிடுங்கள். பொன்டப்ரீத்திலிருந்து கிளம்பும்போது நான் அதைச் செய்ததால்தான் ரெக்ஸத்தில் நடந்து போகும் தூரத்தில் எனக்கு இடம் கிடைத்தது. வீடு திரும்பியதும் செப்டம்பர் வகுப்புக்கான தள்ளுபடி இன்னும் முடியவில்லையா என்று பாருங்கள்.